கடலோரப் பள்ளிக்குத் தொண்டு செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவக் கிராமங்களில் திருச்சபை நடத்தும் பள்ளிகள் உண்டு. 'கொஞ்ச நாள் வந்து பாடம் சொல்லிக்கொடுக்கட்டுமா?' என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதும் உண்டு. நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் பள்ளிக்கும் ஊருக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் காலம். உங்களுக்கு லீவு கிடைக்கும் மே மாதத்தில் பள்ளியும் பூட்டித்தான் இருக்கும். அதோடு இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் காசு புழங்காது. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போதும் தடை முடிந்திருக்காது. அந்த நேரத்தில் போய் 'நாளைக்கு எல்லாரும் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா வாங்கிட்டு வாங்க' என்று சொன்னால், மறுநாள் சில பிள்ளைகள் பள்ளிக்கே வராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல் விடுமுறை வரும். அதனால் தலைமையாசிரியரைக் கேட்டுவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

அடுத்தது, ஒரு வாரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் ஆசை. பாட்டும் விளையாட்டுமாக அந்த வாரம் கலகலப்பாகத்தான் போகும். நடக்க வேண்டிய பாடம் பின்தங்கிவிடும், நீங்கள் போனபின் டீச்சர்தான் ஓடிப் பிடிக்க வேண்டும். நாலாம் வகுப்புக்கு வந்தும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் யார் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரோடு தினமும் வராந்தாவில் உட்கார்ந்து வாசியுங்கள். போட்டோ போடுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இருக்காது. ஆனால் டீச்சருக்குக் கிடைக்காத நேரம் அதுதான்.

எனக்கு மிகவும் வலிப்பது ஒரு வாசகம்: 'நல்லாப் படிங்க, இல்லன்னா கடலுக்குத்தான் போகணும்.' ஊக்கப்படுத்துவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். எதிரே இருக்கும் பிள்ளையின் அப்பா அன்று காலையில்தான் கடலிலிருந்து திரும்பியிருப்பார். அவருடைய உழைப்பைத் தண்டனையாக்கிப் பேசினால் பிள்ளை யார் பக்கம் நிற்கும்? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததை வைத்துப் பாடம் நடத்திப் பாருங்கள். '84 ஆப்பிளை 7 பேருக்குப் பங்கிடு' என்று எழுதினால் முழிக்கிற ஐந்தாம் வகுப்புப் பையன், ஆப்பிளை மீனாக மாற்றிக் கேட்டதும் எதிர்க்கேள்வி போடுவதைப் பார்த்திருக்கிறேன்: 'படகுப் பங்கு எடுத்தாச்சா சார்?' டீசல் செலவு போய், படகுக்கும் வலைக்கும் பங்கு போய், மிச்சம்தான் ஆட்களுக்கு என்பது அவனுக்குத் தெரியும். அவன் கேள்வியிலிருந்தே கழித்தலையும் வகுத்தலையும் சேர்த்து நடத்திவிடலாம்.

அதேபோல, மதியம் வீடு பூட்டிக் கிடந்தால் 'பிள்ளையைக் கவனிக்காத குடும்பம்' என்று முடிவுகட்டாதீர்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் அம்மாக்களே விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள்.

'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொல்லும் முன் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போனவரின் பிள்ளையும், கடலில் தகப்பனை இழந்த பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கலாம். தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம். தானாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். அதைப் படத்தோடு ஸ்டேட்டஸில் வைப்பது பெரிய துரோகம்.

கிறிஸ்தவப் பள்ளி என்பதால் எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்று நினைப்பதும் தவறு. அந்தோணியும் முனியசாமியும் பாத்திமாவும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். காலை ஜெபம் பள்ளியின் வழக்கம், நீங்கள் எந்த மதமானாலும் மரியாதையோடு நில்லுங்கள். வகுப்பில் உங்கள் சொந்தப் பிரசங்கம் வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையைச் சமய போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவே சொல்கிறது.

பொருள் கொடுப்பதாக இருந்தால் சிஸ்டரிடமோ தாளாளரிடமோ கேட்டு, பள்ளி வழியாகக் கொடுங்கள். கையில் கிடைத்த நாலு பேருக்கு மட்டும் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் ஏங்கிப்போகும். பிள்ளைகளைத் தனியாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போகாதீர்கள். அவர்கள் உங்களைவிட நன்றாக நீந்துவார்கள்தான், ஆனால் பொறுப்பு உங்களுடையது. மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியே இருப்பதும், போன் நம்பர் வாங்கி இரவில் மெசேஜ் அனுப்புவதும் கூடவே கூடாது. தனக்கு யாரோ தீங்கு செய்வதாக ஒரு பிள்ளை சொன்னால் மறைக்காமல் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

கிளம்பும் தேதியை வந்த அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நிச்சயமில்லாமல் 'அடுத்த வருஷமும் வருவேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அவர்கள் காத்திருப்பார்கள். யார் எந்தப் பக்கம் வரை படித்தார்கள், எந்த எழுத்தில் தடுமாறுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.