நிலம் மாறினால் வெள்ளம் எவ்வளவு கூடும்? அடையாற்றுப் படுகைக்கு ஒரு கணக்கு

ஆறு முழுவதையும் எடுக்க வேண்டாம். ஓர் ஏரியின் நீர்ப்பிடிப்பு, அதாவது அதற்கு மழைநீர் வந்து சேரும் பரப்பு, போதும். எல்லையை வரைபடத்தில் வரைந்த பிறகு, மழை நாளில் நடந்து சரிபாருங்கள். தாம்பரம், மணிமங்கலம் போன்ற சமதளத்தில் சாலை மேடும் ரயில் பாதையும் தண்ணீரைத் திருப்பிவிடும். பழைய வரைபடம் அதைக் காட்டாது.

அடுத்து, 20 ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்கள் வேண்டும். இரண்டுமே டிசம்பர், ஜனவரியில் எடுத்ததாக இருக்கட்டும். கோடைப் படத்தில் வறண்ட ஏரி தரிசாகத் தெரியும். சீமைக்கருவேலம் மண்டிய ஏரியோ காடு போலத் தெரியும்.

ஒவ்வொரு வகை நிலத்துக்கும் ஒரு 'வளைவெண்' (curve number) உண்டு. எண் கூடினால் மழையில் ஓடும் நீரும் கூடும். நீர் மெதுவாக இறங்கும் மண்ணில் நல்ல காட்டுக்கு 70, நடுத்தர மேய்ச்சல் நிலத்துக்கு 79, நெருக்கமான வீட்டுமனைகளுக்கு 90, தார்ச்சாலைக்கும் கூரைக்கும் 98. மழையை மில்லிமீட்டரில் வைத்துக் கணக்கிடுங்கள் (தேங்குதிறன் என்பது நிலம் பிடித்து வைக்கக்கூடிய நீர்):

தேங்குதிறன் = (25,400 ÷ வளைவெண்) − 254
ஓடும் நீர் = (மழை − 0.2 × தேங்குதிறன்)² ÷ (மழை + 0.8 × தேங்குதிறன்)

100 மி.மீ. மழையில் காட்டிலிருந்து சுமார் 33 மி.மீ. ஓடும், வீட்டுமனையிலிருந்து 73. இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. என்றால் 10 கன மீட்டர். ஆக, 100 ஹெக்டேர் காடு மனைகளானால் கூடுதலாக வருவது 40,000 கன மீட்டர். வளைவெண்களைச் சராசரி எடுத்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள், விடை குறைந்துவிடும். வகைவாரியாக நீரைக் கணக்கிட்டுப் பரப்புப்படி கூட்டுங்கள்.

பெருமழையைப் போட்டுப் பார்த்தால்தான் பலருக்கும் பிடிபடாத விஷயம் தெரியும். 2015 டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 490 மி.மீ. பெய்தது. அதே கணக்கில் காடு 380, மனை 458; இரண்டு மடங்குக்கும் மேல் இருந்த வித்தியாசம் சுமார் 20 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. நவம்பர் முழுக்க நனைந்து ஊறிய மண்ணில் இன்னும் குறையும். அப்போது காட்டின் எண்ணே 85 வரை ஏறும். இந்த அளவு மழையில் மண் கைவிட்டுவிடும். தண்ணீர் தங்க இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. மரம் நட்டுவிட்டோம், ஏரியின் ஓரத்தைப் பட்டா போட்டால் பரவாயில்லை என்ற வாதம் இங்கேதான் உடைகிறது.

ஆகவே தேக்கத்தைத் தனியாக அளவிடுங்கள். 10 ஹெக்டேர் ஏரியில் 1 மீட்டர் வண்டல் படிந்தால் ஒரு லட்சம் கன மீட்டர் இடம் போய்விட்டது. கிராமப் பதிவேட்டின் ஏரிப் பரப்பை இன்றைய நீர்ப்பரப்போடு ஒப்பிடுங்கள். மழைக்கு முன்பே ஏரி நிரம்பியிருந்தால் அதன் கொள்ளளவு கணக்கில் சேராது. கலங்கலுக்கு (உபரி நீர் வழிந்தோடும் அமைப்பு) மேல் நிற்கும் நீருக்கான இடம் மட்டுமே மிச்சம்.

கடைசியாக, கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை போக்குக் கால்வாயின் அகலத்தை 50 மீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். இங்கே சராசரி அகலம் உதவாது. மிகக் குறுகிய ஓர் இடம்தான், பெரும்பாலும் ஒரு சிறுபாலம், மேலே எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்பதை முடிவு செய்யும்.