மணல் ஈ பிடிக்கக் கிளம்பும் புதியவர்களுக்கு

பீகாரில் ஒரு கிராமம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பையன்கள் கொட்டிலுக்குப் பின்னால் குட்டையில் கரண்டி விட்டு அலசிக்கொண்டிருந்தார்கள். "என்னப்பா தேடுறீங்க?" என்றேன். "மணல் ஈயோட புழு சார்." மணல் ஈ என்பது காலா அசார் காய்ச்சலைப் பரப்பும் பொடிப் பூச்சி. முதல் வருஷம் நானும் இதே கூத்தைத்தான் அடித்தேன். புதியவர்கள் செய்யும் இப்படிப்பட்ட தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன். டார்ச்சுக்கு பேட்டரி எடுத்துப் போகச் சொல்லி எழுதப் போவதில்லை. அதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

குட்டையில் தேடுவது

இது கொசு இல்லை. சாணமும் மக்கும் குப்பையும் கலந்த ஈர மண்ணில் வளர்கிறது. தண்ணீரை விடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே குழாயில் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு சீசன் முழுக்க விடியற்காலையில் கொட்டில் சுவர்களில் உறிஞ்சுகுழலால் ஈ பிடித்தேன். குழாய்க்கு இருபது பெண் ஈ, மேலே ஊர்ப் பெயர், அவ்வளவுதான். அரைத்து, கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று காட்டும் பிசிஆர் சோதனை போட்டதில் மூன்று குழாய்களில் காலா அசார் கிருமி தெரிந்தது. துள்ளிக் குதித்தேன். எங்கள் மேடம் இரண்டே கேள்வி கேட்டார்: "எந்த இனம்? வயித்துல ரத்தம் இருந்துச்சா?"

வாய் திறக்க முடியவில்லை. இங்கே நோயைப் பரப்புவது ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற மணல் ஈ இனம். அதே சுவரில் பல்லி, ஓணான் ரத்தம் குடிக்கும் செர்ஜென்டோமையா என்ற இன்னொரு வகை மணல் ஈயும் உட்கார்ந்திருக்கும். நான் இரண்டையும் சேர்த்து அரைத்துவிட்டேன். ரத்தம் இன்னும் மோசம். ஒரு மணி நேரம் முன்பு நோயாளியைக் கடித்த ஈயிலும் கிருமியின் டிஎன்ஏ இருக்கத்தான் செய்யும். அந்த ஈ நோயைப் பரப்பும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ரத்தம் செரித்த பிறகும் கிருமி பிழைத்து, பெருகி, உணவுக்குழாயின் முன்பக்கம் வந்து சேர வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அசாமில் இந்த ஈதான் நோயைப் பரப்புகிறது என்று நிரூபித்தபோது, கிருமியேறிய ஈக்களை உலர்திராட்சை கொடுத்து உயிரோடு வைத்திருந்து, பிறகுதான் தன்னார்வலர்களைக் கடிக்கவிட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு பெண் ஈயையும் தனியாக எடுங்கள். முதலில் வயிற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தலையும் வயிற்றின் நுனியும் ஸ்லைடுக்கு. தொண்டைப் பற்களையும், பெண் ஈ விந்தைச் சேமிக்கும் பையையும் பார்த்து இனம் சொல்லலாம். மிச்ச உடல் குழாய்க்கு. இரண்டிலும் ஒரே எண். சேர்த்து அரைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே ஊர், ஒரே இனம், ரத்தமில்லாத வயிறு. என் மூன்று குழாய்களும் ஒரு சீசன் உழைப்பும் குப்பைக்குத்தான் போயின.

மாட்டைக் குற்றம் சொல்வது

அர்ஜென்டிபெஸ் மாட்டு ரத்தத்தை ஆசையாகக் குடிக்கும். ஆனால் இந்தியாவில் கிருமியைச் சுமப்பது மனிதன்தான். காய்ச்சல் தீர்ந்த பிறகு தோலில் வெளிர்ந்த தேமல் வந்தவரும் அதில் சேர்த்தி. மத்தியதரைக்கடல் பக்கம் போனால் நாய்.

பேனாவில் சீட்டு எழுதுவது

ஈயைப் போட்டு வைக்கும் ஆல்கஹாலில் மை கரைந்துவிடும். பென்சில்.

எறும்பை மறப்பது

விளக்குப் பொறி தொங்கும் கயிற்றில் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் காலையில் பொறியின் பையில் இறக்கைதான் மிச்சம் இருக்கும்.