கோ-கார்ட்டுக்கு வீட்டிலேயே சீட் தைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பிள்ளைகளோடு சேர்ந்து கோ-கார்ட் (தரையை ஒட்டி ஓடும் சின்ன நாலு சக்கர வண்டி) கட்டும் வீடுகளில் எஞ்சின், செயின், பிரேக் என்று ஒவ்வொன்றுக்கும் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். சீட் மட்டும் கடைசியில் ஒதுங்கிவிடும். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய சீட் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, மேலே புது ரெக்சினைப் போர்த்தினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வளைவில் ஓட்டுபவரின் உடம்பைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சீட்தான். அழகுக்காக மட்டும் தைத்தால் வண்டி ஓட்டவே சிரமமாகிவிடும்.

நான் அதிகம் பார்க்கிற தவறு, தடியான ஃபோம். கார்ட்டில் ஷாக் அப்சார்பர் கிடையாது, குழந்தைக்கு இடுப்பு வலிக்குமே என்ற அக்கறையில் 4 அங்குல மெத்தையை வைத்துவிடுகிறார்கள். அதில் உட்கார்ந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும், கால் பிரேக்கை முழுதாக அழுத்தாது. உட்காரும் உயரம் கூடக் கூட வளைவில் வண்டி சாயப் பார்க்கும். மெத்தென்ற ஃபோமில் உடம்பும் பக்கவாட்டில் அலையும், பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். அடியில் 1 அங்குல ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துணுக்குகளை ஒட்டி அழுத்திய கெட்டி ஃபோம்), அதன் மேல் அரை அங்குலத்துக்கு 40 டென்சிட்டி ஃபோம், அவ்வளவு போதும். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று அர்த்தம். மிச்சம் இருக்கும் ஃபோமை இடுப்புக்கு இரண்டு பக்கமும் அணைப்பாகக் கொடுங்கள், அங்கேதான் அது உதவும்.

ஃபோமை வெட்டுவதற்கு முன் சும்மா அடுக்கி வைத்து, ஓட்டப்போகிற பிள்ளையை ஷூவும் ஹெல்மெட்டும் போட்டு உட்கார வையுங்கள். பிரேக்கைக் கடைசிவரை மிதிக்கச் சொல்லுங்கள். "அப்பா, கால் எட்டலை" என்று அப்போதே சொல்லிவிட்டால் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. அண்ணனும் தங்கையும் மாறி மாறி ஓட்டுவார்கள் என்றால் பெரியவனுக்கு அளவெடுங்கள். சின்னவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு தனித் திண்டு செய்து, வார் போட்டு நகராமல் கட்டிவிடலாம்.

பழைய உறையைக் கிழித்துக் குப்பையில் போடுவது அடுத்த தவறு. அந்த உறைதான் உங்களுக்கு அளவு. தையலைப் பிளேடால் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் இடம், வலம், முன்பக்கம் எது என்று சாக்பீஸில் எழுதிவையுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வருடம் உட்கார்ந்த ரெக்சின் இழுபட்டுப் பெரிதாகியிருக்கும், அப்படியே வரைந்தால் புது உறை தொளதொளக்கும். நடுவில் மடித்து இரண்டு பாதியையும் ஒப்பிட்டு, குறைவாகத் தேய்ந்த பாதியை அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு அரை அங்குலம் கூட்டி வெட்டுங்கள்.

அடிப்பலகைக்குச் சாதாரண ப்ளைவுட் போட்டால் ஒரு மழையில் உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் கேட்டு வாங்குங்கள். போல்ட் ஓட்டைகளைப் போட்டு, டி-நட்டுகளை (பல் வைத்த, பலகையில் பதியும் நட்டு) பலகையில் அடித்து, சேஸியில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகுதான் ஃபோமை ஒட்ட வேண்டும். உறை போட்ட பின் ஓட்டையைத் தேடுவது பெரிய வேதனை. பலகையில் நாலைந்து சின்னத் துளைகளும் வேண்டும். காற்று போக வழியில்லாவிட்டால் உட்காரும்போதெல்லாம் உறை உப்பி, தையல் விட்டுப்போகும். உள்ளே இறங்கிய மழைத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

வீட்டுத் தையல் மிஷினில் தைப்பதானால் 18-ம் நம்பர் ஊசி, நைலான் நூல். பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைத்துப் பொடித்தையல் போடாதீர்கள், ரெக்சின் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும். தையலுக்குத் தையல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை மறையவே மறையாது, துணி உலர்த்தும் கிளிப் போதும். மூன்று நான்கு மடிப்பு சேரும் மூலைகளைச் சீட் கவர் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

இழுத்து ஸ்டேப்ளர் அடிப்பதற்கு முன் உறையைக் கால் மணி நேரம் வெயிலில் போடுங்கள், இளகிக் கொடுக்கும். நாலு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின், அப்புறம் ஓரங்களை நோக்கி, மூலைகள் கடைசியில். ஒரு பக்கத்தை முழுக்க அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனால் சுருக்கம் விழுந்தே தீரும். 12 மில்லிமீட்டர் பலகைக்கு 8 மில்லிமீட்டர் பின் போதும்.

பசை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வெள்ளை ஃபெவிகால் காய்ந்தால் விறைத்துப்போகும், ஃபோமுக்கு அது ஆகாது. ரப்பர் பசைதான் வேண்டும். இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்க்க வேண்டும். அதன் ஆவி தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். ஆகவே மொட்டை மாடியிலோ வாசலிலோ பெரியவர்கள் மட்டும் செய்யட்டும். சேஸியில் பாக்கி வெல்டிங் இருந்தால் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஃபோமில் பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும், அந்தப் புகை விஷம். சைலன்சர் சீட்டுக்குப் பக்கத்தில் போனால் நடுவில் தகரத் தடுப்பு கட்டாயம்.

இந்த ஆபத்தைக் காரணம் காட்டி, பிள்ளைகளை "டார்ச்சைப் பிடி, ஸ்க்ரூவை எடு" என்று ஓரமாக நிறுத்திவிடாதீர்கள். அதுவும் தவறுதான். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பழைய ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்குவது, அளவு வரைவது, நிறம் தேர்ந்தெடுப்பது எல்லாம் அவர்கள் வேலையாக இருக்கட்டும். கறுப்பு கேட்டால் மட்டும் மே மாத வெயிலில் அரை மணி நேரம் கிடந்த ரெக்சினைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் நாள் ஓட்டி முடித்ததும் சீட் போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்குங்கள். அதிர்விலும் பலகை அமுங்குவதிலும் அவை தளர்ந்திருக்கும்.