பேரிடர் நிவாரணத்தில் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. அள்ளி அப்புறப்படுத்துவதே நகராட்சிப் பணியாளர்களுக்குத் தனி வேலையாகிப் போனது. அனுப்பியவர்களின் மனசில் குறை இல்லை. என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் பிழை.

இன்றும் புயல் அடித்த மறுநாளே அலுவலக வரவேற்பறையில் அட்டைப்பெட்டி வந்துவிடுகிறது: ‘முடிந்ததைப் போடுங்கள்.’ இதை முதலில் நிறுத்த வேண்டும். பணமாகத் திரட்டி, பாதிக்கப்படாத பக்கத்து ஊர் மொத்தக் கடையில் வாங்கினால் லாரி வாடகை மிஞ்சும், பொருளும் அன்றே போய்ச் சேரும். புது உள்ளாடை, நாப்கின், பாய், போர்வை, டார்ச் என்று பட்டியலை முகாமில் இருக்கும் பெண்களிடமே கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகளுக்கான பால்பவுடரையும் பால்புட்டியையும் நிவாரணப் பையில் போடவே கூடாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, அநாதை இல்லங்கள் தவிர வேறு யாருக்கும் இவற்றைத் தானமாகக் கொடுக்க முடியாது. காரணமும் நியாயமானது. நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் கரைத்த பால், கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தாய்ப்பால் கிடைக்காத குழந்தை இருந்தால் அரசு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரிகிற பொருளாகவே கொடுக்க நினைப்பதும் சிக்கல்தான். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு கொடுக்க அத்தனை பேர் முன்வந்தார்கள். சில ஊர்களில் முன்பு இருந்ததைவிடப் படகுகள் கூடிவிட்டன, தரமில்லாதவையும் வந்தன. அதே கடற்கரையில் கூடையில் மீன் விற்ற பெண்கள், அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள் ஆகியோரிடம் உதவி எளிதில் போய்ச் சேரவில்லை. படகுக்குப் பெயர் சூட்டிப் படம் எடுக்கலாம். மீன்காரம்மாவின் முதலீட்டுப் பணத்தைப் படம் எடுக்க முடியாது. அதனால் கொடுக்கும் முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பேசி, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நாகையில் 2005 தொடக்கத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கென ஒருங்கிணைப்பு மையம் ஒன்று இயங்கியது. அப்படி ஒன்று இருந்தால் அதோடு சேர்ந்து நில்லுங்கள். அரிசிப் பையை நீட்டியபடி, பின்னால் நிறுவனப் பதாகையோடு, வீடிழந்தவரைப் படம் எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். பசியில் நிற்பவரால் அந்தப் படத்துக்கு மறுப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது ஊழியர்கள் களத்துக்குப் போவது. முதல் சனிக்கிழமையே பஸ் நிறைய ஆட்களை அனுப்பினால், அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கழிப்பறையும் தேட வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள்தான். சேறு அள்ளப் போகிறவர்களுக்கு ஆபத்தும் உண்டு. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பரவியது. சேற்றில் இறங்குகிறவர்கள் அதைத் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை எடுத்துக்கொள்ளும்படி அரசு வலியுறுத்தியது. பூட்ஸ், கையுறை, மருத்துவர் ஆலோசனை, காப்பீடு ஏதும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

இன்னொன்று, கணக்குப் பார்க்கத் தெரிந்தவரை மண்வெட்டி பிடிக்க வைப்பதில் பெரிய பயன் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தில் எத்தனையோ பேருடைய சான்றிதழ்களும் ரேஷன் கார்டுகளும் போயின; நகல் வாங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. இப்படியான முகாம்களில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், நனைந்த கடைகளுக்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு மனு தயாரிக்கவும் ஆள் வேண்டும். இந்த வேலை மூன்றாவது வாரத்தில்தான் சூடுபிடிக்கும், அப்போது பஸ் வருவதில்லை.

சொந்தக் கட்டடத்துக்குள்ளேயே பலர் கவனிக்கத் தவறுவது ஒப்பந்தத் தொழிலாளர்களை. காவலாளி, துப்புரவுப் பணியாளர், கேன்டீன் ஊழியர் பெரும்பாலும் தாழ்வான பகுதிகளில்தான் குடியிருக்கிறார்கள். மழையால் வேலைக்கு வர முடியாத நாளுக்குச் சம்பளம் பிடித்துவிட்டு, அடுத்த மாவட்டத்துக்கு நிவாரணம் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. தங்கள் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுகிற செலவைச் சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனங்கள் சட்டப்படி செய்யும் சமூகப் பொறுப்புச் செலவு, கணக்கில் எழுத முடியாதுதான். சொந்தப் பணத்தில் செய்யுங்கள். அதேபோல நிவாரணத்துக்கென ஒரு நாள் சம்பளம் பிடிப்பதையும், விருப்பம் எழுதிக் கொடுத்தவர்களிடம் மட்டும் செய்யுங்கள்.

சி.எஸ்.ஆர். கணக்கில் வேறு சறுக்கல்களும் உண்டு. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அது சி.எஸ்.ஆர். செலவாகாது; பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குக் கொடுப்பது ஆகும். ஊழியர்கள் உழைத்த மணி நேரத்துக்கு ரூபாய் மதிப்புப் போட்டுக் காட்டுவதும் செல்லாது.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது தேதி. நம் ஊரில் வெள்ளமும் புயலும் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகின்றன, சி.எஸ்.ஆர். கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் செலவழித்துவிட வேண்டும் என்று பையும் போர்வையும் வாங்கித் தள்ளுகிறார்கள். அந்த அவசரம் தேவையில்லை. சில ஆண்டுகள் நீளும் தொடர் திட்டமாக அறிவித்து, மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டால், அடுத்த 3 நிதியாண்டுகள் வரை செலவிடச் சட்டமே இடம் தருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டாவது ஆகும். சாய்ந்த மரத்தை அறுத்து அகற்றும் கூலி, நல்ல கன்று, சொட்டுநீர், காய்ப்பு வரும்வரை வருமானம் தரும் ஊடுபயிருக்கான விதை என்று அந்த விவசாயிக்கு ஒவ்வொரு ஆண்டும் ஒரு தேவை இருக்கும். அதற்கேற்ப பணத்தைப் பிரித்து வையுங்கள்.