வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) வீட்டில் பீர்: கண்திட்டம் எடுபடாத இடங்கள்

முதலில் சட்டம். சிங்கப்பூரில் 18 வயதானவர்கள் தங்கள் தேவைக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் வேண்டாம். விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. 20 லிட்டர் மால்ட் சாறு (முளைகட்டிய பார்லிச் சாறு) கிட் ஒன்றை வாங்கிவிட்டீர்கள், வாளியைச் சுத்தம் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1. தண்ணீர்: நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி உண்டு. கொதிக்கவைத்தால் எளிதில் போய்விடாது. பீரில் பிளாஸ்திரி வாடையாக வந்து நிற்கும். 20 லிட்டருக்கு அரை கேம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் போதும்.

2. ஈஸ்ட்: யுஎஸ்-05 போன்ற ஏல் (ஒரு பீர் வகை) ஈஸ்ட்டுக்கு 20 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். நம் அறையோ 30. நொதிக்கும்போது வாளிக்குள் இன்னும் சில டிகிரி ஏறும். ஈரத்துண்டு, மின்விசிறி வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய ஐஸ்பெட்டியும் இங்க்பேர்ட் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் நல்லது. சென்சாரை வாளியின் பக்கத்தில் ஒட்டுங்கள், காற்றில் தொங்கவிடாதீர்கள். இடமில்லையா? வாஸ் குவைக் என்ற சூடு தாங்கும் ஈஸ்ட் வாங்குங்கள். 35 டிகிரியில்கூட சுத்தமாக வேலை செய்யும்.

3. பாட்டிலில் அடைப்பது: இங்கே அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும். குமிழி நின்றுவிட்டது என்பது கணக்கில்லை. ஹைட்ரோமீட்டரில் (பீரின் அடர்த்தி காட்டும் மிதவை; நொதிக்க நொதிக்க அளவு இறங்கும்) இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவு காட்ட வேண்டும். அதைச் சுழற்றி, ஒட்டிய குமிழிகளை உதறிவிட்டு, கண்மட்டத்தில் பாருங்கள். பல ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவு குறித்தவை. 30 டிகிரி பீரில் 1.010 காட்டினால் உண்மை அளவு ஏறக்குறைய 1.012. நொதித்து முடிய அளவு இன்னும் 0.004 இறங்க வேண்டியிருக்கும்போதே அடைத்தால், பாட்டிலில் வாயு ஏற நீங்கள் சேர்க்கும் சர்க்கரைக்குக் குறையாத வாயு கூடுதலாகப் பிறக்கும்.

அப்புறம் அந்தச் சர்க்கரை. சூடான பீரில் கரிவாயு குறைவாகவே தங்கும். அதனால் குளிர்நாட்டு அட்டவணையை அப்படியே எடுக்காதீர்கள். 20 லிட்டருக்கு, 20 டிகிரியில் நொதித்த பீர் என்றால் சுமார் 115 கிராம். 30 டிகிரி என்றால் சுமார் 130. கரண்டிக்கணக்கு வேண்டாம், டிஜிட்டல் தராசு. பாட்டில் பாட்டிலாகவும் போடாதீர்கள். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து வேறொரு சுத்தமான வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரை இறக்கி, காற்றுப் புகாமல் மெல்லக் கலக்குங்கள்.

பின்சேர்க்கை: ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தொடக்க அளவுக்குச் சரி. நொதித்தபின் ஆல்கஹால் அதன் கணக்கைக் குழப்பிவிடும், எனக்கு ஹைட்ரோமீட்டர்தான்.

வாயு ஏறியதா என்று எப்படித் தெரியும் என்பது இன்னொரு கேள்வி. ஒரு பங்கைப் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள். அழுத்தினால் கல்போல இருக்கிறதா? எல்லாவற்றையும் ஐஸ்பெட்டிக்கு மாற்றலாம்.