முதல் ஏற்றுமதி ஆர்டருக்கு விலை சொல்வது எப்படி? திருப்பூர் டி-ஷர்ட்டை வைத்து ஒரு கணக்கு

வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தில் ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி, இறக்குமதியாளர் எண் பெறுவது, ஏ.இ.பி.சி. எனப்படும் ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தில் உறுப்பினராவது, ஏ.டி. கோடு எனப்படும், அந்நியச் செலாவணியைக் கையாளும் வங்கியின் குறியீட்டைச் சுங்கத்துறையில் பதிவது ஆகியவை இணையவழியிலேயே முடிந்துவிடும். விலை சொல்லும் இடத்தில்தான் நிதானம் தேவை.

முதலில், சரக்கு எந்த வகை என்று சுங்கத்துறைக்குக் காட்டும் எச்.எஸ். எண்ணை உறுதி செய்துகொள்ளுங்கள். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அது 6109 10. இந்த ஆறு இலக்கங்கள் அநேகமாக எல்லா நாடுகளுக்கும் பொது என்பதால், இறக்குமதி வரியை இதை வைத்துத் தேடத் தொடங்கலாம். அமெரிக்காவில் வழக்கமான வரி 16.5 சதவீதம், அதாவது 4 டாலர் டி-ஷர்ட்டுக்கு 66 சென்ட். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் மீதான கூடுதல் வரி 50 சதவீதமானபோது, அதே டி-ஷர்ட்டின் மேல் இன்னும் 2 டாலர் ஏறியது. வரியைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர்தான் என்றாலும், அதில் ஒரு பங்கை நம் விலையில் குறைக்கச் சொல்வார். எனவே ஆர்டரை ஏற்கும் நாளில் நடப்பிலுள்ள வரியைப் பார்ப்பதோடு, வரி மாறினால் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்து, விலை எந்த இடம்வரை என்று தெளிவாகச் சொல்லுங்கள். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால், சரக்கு கப்பலில் ஏறும்வரை செலவும் பொறுப்பும் உங்களுடையவை, சி.ஐ.எஃப். என்றால் கப்பல் வாடகையும் காப்பீடும் உங்கள் கணக்கில் சேரும். பணத்துக்கு எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம், கேட்பது நல்லது. ஆனால் வங்கி பார்ப்பது ஆவணங்களையே தவிர சரக்கை அல்ல, எல்.சி.யில் உள்ள சரக்கு விவரத்தோடு இன்வாய்ஸ் முரண்பட்டால் பணம் நின்றுபோகக்கூடும்.

இனி உள்ளூர்ச் செலவு. நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொன்றையும் வேஸ்டேஜோடு தனித்தனியே எழுதுங்கள். மாநிலத்துக்கு ஏற்றுமதியால் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. சுங்கவரி மத்திய அரசுக்கு உரியது, ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி.யும் பூஜ்ய விகிதம். ஆகவே கூலிக்கு வேலை செய்துதரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் தொழிலாளர்களுக்கும் போய்ச்சேரும் கூலியும், அது கடைத்தெருவில் செலவாகும்போது வரும் வரியுமே தமிழ்நாட்டின் பங்கு. நூலை மட்டும் ஏற்றுமதி செய்தால் இந்தக் கூலியின் பெரும்பகுதி வேறு நாட்டுக்குப் போய்விடும்.

சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் செலவை மட்டும் ஒருபோதும் குறைத்துப் போடாதீர்கள். அந்தச் செலவு விலையில் சேராத காலத்தில் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணைப் பகுதி விவசாயிகளும் அதைச் சுமந்தார்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊரின் தொழிலே தடுமாறியது. கழிவுநீரை வெளியேற்றாத பட்டறையில்தான் சாயம் போடுகிறோம் என்பதைப் பையரிடம் சொல்லி, அதற்குரிய விலையைக் கேளுங்கள்.

கடைசியாக டாலரை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். டிராபேக், அதாவது ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தரும் வரித் தொகை, சேர்ந்தால்தான் லாபம் என்று வந்தால், விலையைத் திரும்பப் பேசுங்கள்.