டிபோர்ட் ஆனவருக்கு அமெரிக்க கே-1 விசா: எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரோடு நிச்சயமாகிவிட்டால் பழைய டிபோர்ட்டேஷன் தானாக அழிந்துவிடும் என்று அடித்துச் சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. அழியாது. கே-1 எனப்படும் ஃபியான்சே விசாவின் பெட்டிஷன் ஒப்புதலானாலும், உங்கள் இருவரின் உறவை நம்பிவிட்டார்கள் என்பதோடு சரி. நாட்டுக்குள் விடலாமா என்பதைத் தூதரக அதிகாரி தனியாகப் பார்ப்பார். ஆகவே பெட்டிஷனுக்கு முன்பே பழைய கோப்பைத் தோண்டி எடுங்கள்.

படி 1: எந்த உத்தரவு?

"திருப்பி அனுப்பிட்டாங்க" என்பது மட்டும் போதாது. விமான நிலையத்திலோ எல்லையிலோ அதிகாரியே போட்ட உத்தரவு என்றால் 5 ஆண்டுத் தடை. உள்ளே இருந்தவர் மீது குடிவரவு நீதிபதி போட்டது என்றால் பொதுவாக 10. இரண்டாம் முறை என்றால் 20. சட்டம் கடுங்குற்றமாகக் கருதும் வழக்கில் தண்டனை பெற்றிருந்தால் ஆயுளுக்கும். விசாரணைக்குப் போகாமல் விட்டவர்களுக்கு வேறு ஒரு 5 ஆண்டுத் தடையும் வரலாம். போகாததற்கு நியாயமான காரணம் இல்லையென்றால் அதற்கு மன்னிப்பு மனுவே கிடையாது.

ஆனால் விமான நிலையத்தில் "நானே திரும்பிப் போகிறேன்" என்று நுழைவு விண்ணப்பத்தை வாபஸ் வாங்க அனுமதித்திருந்தால், அது டிபோர்ட்டேஷன் அல்ல. பலர் இது தெரியாமலே தங்களுக்குத் தடை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அன்று கொடுத்த தாள்களைத் தேடுங்கள். 'ஏ' என்று தொடங்கும் எண், அதாவது உங்கள் குடிவரவுக் கோப்பின் எண், அதில் இருக்கலாம். தாள் தொலைந்திருந்தால், நம்மூர் ஆர்டிஐ போல அங்கும் மனுப் போட்டு உங்கள் கோப்பின் நகலைக் கேட்கலாம்.

படி 2: கூடுதலாகத் தங்கிய நாட்கள்

இது தனிக் கணக்கு. அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல், ஓராண்டுக்குள் தங்கிவிட்டு, வழக்கு தொடங்கும் முன் தானாகக் கிளம்பியிருந்தால் 3 ஆண்டுத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10. பதினெட்டு வயதுக்கு முந்தைய நாட்கள் சேராது. ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவில் கிளம்பவேண்டிய தேதிக்குப் பதில் 'டி/எஸ்' (அந்தஸ்து நீடிக்கும் வரை) என்று பதிவாகி நுழைந்த மாணவர்களுக்கு, படிப்பை விட்ட அன்றே இந்தக் கணக்கு ஓடத் தொடங்காது. விதியை மீறிவிட்டார் என்று அதிகாரியோ நீதிபதியோ முடிவு சொன்ன பிறகுதான்.

டிபோர்ட் ஆன பிறகு 'டங்கி' எனப்படும் கள்ள வழியில் மறுபடி எல்லை தாண்டியவர்கள் நிலைதான் மிக மோசம். நிரந்தரத் தடை, 10 ஆண்டு வெளியே இருந்த பிறகே அனுமதி கேட்கவே முடியும்.

படி 3: பெட்டிஷன்

படிவம் ஐ-129எஃப். குடியுரிமை உள்ளவர் மட்டுமே போடலாம், கிரீன் கார்டுக்காரர் முடியாது. கடந்த 2 ஆண்டுக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும். நிச்சயதார்த்தப் படங்களில் கவனம்: பட்டுப்புடவை, மாலை மாற்றல், ஐயர், முந்நூறு பேர் பந்தி என்று இருந்தால், "கல்யாணமே முடிந்துவிட்டதே" என்று அதிகாரி மறுத்துவிடலாம்.

படி 4: நேர்காணலும் மன்னிப்பு மனுவும்

முன்பு நாடு கடத்தப்பட்டீர்களா என்று டிஎஸ்-160 எனப்படும் விசா விண்ணப்பப் படிவம் நேரடியாகக் கேட்கும். கைரேகை அவர்களிடம் இருக்கிறது. பொய் சொன்னால் அதற்கே ஆயுள் தடை வரும். தடை இருப்பதாக அதிகாரி சொன்ன பிறகு, டிபோர்ட்டேஷனுக்கு ஐ-212 (மறுபடி நுழைய அனுமதி கேட்கும் படிவம்), கூடுதலாகத் தங்கியதற்கு ஐ-601 (மன்னிப்பு மனுப் படிவம்). ஐ-601இல் உங்கள் கஷ்டம் செல்லாது. அமெரிக்காவில் இருக்கும் அவருக்கு நீங்கள் இல்லாமல் என்ன கடும் இழப்பு என்பதைக் காட்ட வேண்டும்: அவருடைய மருத்துவப் பதிவு, கடன், பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு. இதற்கு வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், மன்னிப்பு மனு கட்டாயம் என்று தெரிந்தவர்கள் கே-1ஐ விட்டுவிட்டு, இங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்து துணைவர் விசாவுக்குப் போவது நல்லது. அதே மன்னிப்பு மனுக்கள்தான், ஆனால் போய் இறங்கியதுமே கிரீன் கார்டு அந்தஸ்து.

படி 5: 90 நாள்

கே-1இல் போனால் 90 நாளுக்குள், பெட்டிஷன் போட்ட அதே நபரைத் திருமணம் செய்ய வேண்டும். நீட்டிப்பு இல்லை. வேறொருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே கிரீன் கார்டு கேட்க முடியாது. ஐ-601 மன்னிப்பும் நிபந்தனையோடுதான் வருகிறது. அந்தத் திருமணம் நடந்தால்தான் அது நிலைக்கும்.